சகோதரன் கொடுத்த தோல்

ரத்தம் கொடுக்கிறோம், வாங்கிக் கொள்கிறோம். எந்த ஊர்க்காரரோ, எந்தக் குலத்தவரோ, முகமே பார்த்திராத ஒருவருடைய ரத்தம் பிரசவ அறையில் ஒரு தாயைப் பிழைக்க வைத்து விடுகிறது. இறந்துபோன ஒருவருடைய கண்ணிலிருந்து எடுத்த மெல்லிய படலம் இன்னொருவருக்குப் பார்வையைக் கொடுக்கிறது. அப்படியானால் தோலையும் கொடுக்கலாம் அல்லவா?

அடுப்பங்கரையில் வெந்நீர் கொட்டி ஒரு குழந்தையின் உடம்பு வெந்து விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். பெற்றவள் என்ன சொல்லுவாள்? "டாக்டர், என் தோலை எடுத்துக் குழந்தைக்குப் போடுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள்" என்றுதானே கதறுவாள்? பத்து மாதம் சுமந்து பெற்ற குழந்தை அல்லவா? ஆயினும் டாக்டர் தலையை அசைத்து மறுத்து விடுவார். "உங்கள் தோல் நிலைக்காது, அம்மா. குழந்தையின் தொடையிலிருந்தே கொஞ்சம் எடுத்து ஒட்டுகிறோம்" என்பார்.

பெற்ற தாயின் தோல் பிள்ளைக்கு ஒட்டாதாம்! 'ஒட்டாது' என்று சொல்வதுகூடச் சரியில்லை. முதலில் நன்றாகத்தான் ஒட்டிக் கொள்ளும். அதற்குள் ரத்தம்கூட ஓடும். இளஞ்சிவப்பாக, பார்ப்பதற்கு அழகாக இருக்கும். பிறகு இரண்டு வாரம் போவதற்குள் கறுத்து, காய்ந்து, பக்காகி உதிர்ந்து விடும்.

இந்த அக்கிரமத்தைச் செய்வது யார்? 'எது' என்று கேட்காமல் 'யார்' என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் உடம்புக்குள்ளேயே நடமாடிக் கொண்டிருக்கும் சிலர்தான் இதைச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆசாமிகளைக் கண்டுபிடித்த கதை, நீங்கள் வாராவாரம் படிக்கும் துப்பறியும் தொடர்கதைக்குச் சற்றும் இளைத்ததல்ல. அதில் ஒரு யுத்தம் வருகிறது. நெருப்பில் வெந்த ஓர் இளம் பெண் வருகிறாள். அவளுக்காகத் தன் தோலைக் கொடுத்த சகோதரன் வருகிறான். இரட்டைக் கன்றுக் குட்டிகள்கூட வருகின்றன. கேளுங்கள்.

தோட்டத்தில் விழுந்த விமானம்

1940-ம் வருஷம். இரண்டாவது உலக யுத்தம் மும்முரமாக நடந்து கொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பீட்டர் மெடவார் என்று ஓர் இளம் விஞ்ஞானி இருந்தார். தந்தை லெபனான் நாட்டவர். தாய் ஆங்கில மாது. பிறந்ததோ பிரேஸில் தேசத்தில். படித்தது பிராணி நூல். வயது முப்பதுகூட ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவரும் அவர் மனைவி ஜீனும் குழந்தையுடன் தோட்டத்தில் இருந்தார்கள். அப்போது ஒரு விமானம் தலைக்கு மேல் தாழப் பறந்து வந்து, அவர்கள் வீட்டுக்குச் சமீபத்திலேயே விழுந்து தீப்பற்றிக் கொண்டது. அது எதிரி விமானம் அல்ல. அவர்கள் நாட்டு விமானமேதான். அதிலிருந்த விமானி ஒருவர் பிழைத்தார். ஆனால் உடம்பில் பெரும் பகுதி வெந்து போயிருந்தது. அவரை வந்து பார்க்குமாறு மெடவாரை வைத்தியர்கள் அழைத்தார்கள்.

மெடவார் போய்ப் பார்த்தார். வெந்த இடத்தை மூட வேண்டுமானால் தோல் வேண்டும். அந்த மனிதருடைய உடம்பில் நல்ல தோல் மிஞ்சியிருந்ததே கொஞ்சம். பிறருடைய தோலை வாங்கிப் போட முடிந்தால் பிழைத்து விடுவார். போட முடியாது என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். ஏன் முடியாது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து அந்த 'ஏன்' மெடவாரைப் பற்றிக் கொண்டது.

இரண்டாம் தடவை

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் அவரை ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அங்கே தீக்காயப் பகுதியில் தாமஸ் கிப்ஸன் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் வேலை செய்து கொண்டிருந்தார்.

அங்கே ஒரு நோயாளி. இருபத்திரண்டு வயதுப் பெண். காக்காய் வலிப்பு உள்ளவள். வலிப்பு வந்த சமயத்தில் கேஸ் கணப்பின் மேல் விழுந்து உடம்பின் ஒரு பக்கம் வெந்து விட்டது. கிப்ஸனும் மெடவாரும் அவளுடைய தொடையிலிருந்தே பொட்டுப் பொட்டாகச் சுமார் ஐம்பது தோல் துணுக்குகளை எடுத்துப் புண்ணின் மேல் நட்டார்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே அவளுடைய சகோதரன் கொடுத்த துணுக்குகளையும் ஏறக்குறைய அதே அளவில் நட்டார்கள். நாற்று நடுவதுபோல என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

முதல் சில நாள் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டும் பிடித்துக் கொண்டன, இரண்டும் வளர்ந்தன. இரண்டு வாரம் கழிந்ததும் சகோதரனின் துணுக்குகள் வாடத் தொடங்கின. சில நாளில் அவை இருந்த இடம் தெரியவில்லை. அவளுடைய சொந்தத் தோல் மட்டும் நிலைத்து நின்றது.

இதுவரை நடந்தது பழைய சங்கதி. வேறு வைத்தியர்களும் பார்த்திருக்கிறார்கள். இனி நடந்ததுதான் முக்கியம். முதலில் நட்டுப் பதினைந்து நாள் கழித்து, அதே சகோதரனிடமிருந்து இரண்டாம் தடவையும் தோல் எடுத்துப் போட்டிருந்தார்கள். அவை இரண்டு வாரம் தாக்குப் பிடிக்கவில்லை. முதல் தடவை எடுத்துக் கொண்ட காலத்தில் பாதிக்குள்ளேயே அழிந்து போயின!

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? சற்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை போட்டு இறங்கிவிட்டால், மறுபடியும் அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை வருமோ என்று நீங்கள் கவலைப்படுவதில்லை. உடம்பு அந்த நோயை ஒரு தடவை பார்த்து விட்டது. ஞாபகம் வைத்துக் கொள்கிறது. மறுபடி வந்தால் வாசலிலேயே மடக்கி விடுகிறது. கிளாஸ்கோப் பெண்ணின் உடம்பும் அதையேதான் செய்தது. சகோதரனின் தோலை முதல் தடவை 'அந்நியம்' என்று கண்டு கொள்ள நாள் பிடித்தது. இரண்டாம் தடவை? 'ஓகோ, நீயா! உன்னைத் தெரியுமே!' என்று உடனே பாய்ந்து விட்டது.

ஆகவே, பிறர் தோல் தானாக வாடி உதிர்வதில்லை. நோயை விரட்டுவதற்காக நமக்குள் இருக்கும் எதிர்ப்புச் சக்தியே, அன்பாகக் கொடுத்த தோலையும் நோய் என்று எண்ணி விரட்டுகிறது. கிப்ஸனும் மெடவாரும் 1943-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். பிறகு மெடவார் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி வந்து முயல்களிடம் இதையே மறுபடி மறுபடி செய்து பார்த்து உறுதிப்படுத்திக் கொண்டார்.

இரட்டைக் கன்றுகள் சொன்ன ரகசியம்

குற்றம் நடந்தது தெரிந்து விட்டது. குற்றவாளி யார்? நோய்க் கிருமிகளை எதிர்க்க ரத்த நீரில் 'எதிர்ப்பொருள்' என்று ஒரு சரக்கு உற்பத்தியாகிறது. எல்லோருக்கும் அதன் மேல்தான் சந்தேகம். மெடவாரும் ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

இதற்கிடையில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு தடயம் கிடைத்தது. இரட்டையாகப் பிறக்கும் கன்றுகள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவையா, இரண்டு தனிக் கருவா என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று மெடவாரை ஒருவர் கேட்டார். "இது என்ன பிரமாதம்? ஒன்றின் தோலை மற்றதற்கு ஒட்டிப் பாருங்கள். ஒரே கருவானால் நிலைக்கும், இல்லாவிட்டால் உதிரும்" என்று அவர் சொல்லி வைத்தார். சோதித்துப் பார்த்தால், ஆணும் பெண்ணுமாகப் பிறந்த ஜோடிகள்கூட, அதாவது நிச்சயமாகத் தனிக் கருவிலிருந்து வந்தவைகூட, ஒன்றின் தோலை ஒன்று ஏற்றுக் கொண்டன!

மெடவாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. காரணம் பிறகு விளங்கிற்று. பசுவின் வயிற்றில் இரட்டைக் கன்றுகள் இருக்கும்போது இரண்டின் ரத்தமும் கலந்து விடுகிறது என்று அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் 1945-லேயே கண்டு சொல்லியிருந்தார். கருவிலேயே கலந்து பழகிவிட்டதால் ஒன்றை ஒன்று அந்நியமாக நினைப்பதில்லை. பாலும் பழமுமாக ஒரே வீட்டில் வளர்ந்த குழந்தைகள் மாதிரி!

மெடவாரும், பில்லிங்ஹாம், பிரென்ட் என்ற இரு சகாக்களும் லண்டனில் இதை எலிகளிடம் செய்து பார்த்தார்கள். (பிரென்ட், 1938-ல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தாய் தந்தையரைப் பிரிந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூதச் சிறுவர்களில் ஒருவர்.) பழுப்பு நிற எலியின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு, வெள்ளை எலியின் உயிரணுக்களை ஊசி மூலம் செலுத்தினார்கள். குட்டிகள் பிறந்து வளர்ந்த பின் அவற்றுக்கு வெள்ளை எலியின் தோலை ஒட்டினார்கள். சில எலிகளில் அந்தத் தோல் உதிரவே இல்லை. பழுப்பு எலியின் மேனியில் ஒரு திட்டு வெள்ளை ரோமம் செழித்து வளர்ந்தது! 1953-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று. 'பிறர் தோலை ஏற்றுக் கொள்ள உடம்பைப் பழக்க முடியும்' என்று உலகம் முதல் தடவையாகத் தெரிந்து கொண்டது. இதற்காக 1960-ல் மெடவாருக்கும், இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே ஊகித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட்டுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

வடிகட்டியில் அகப்பட்டவர்கள்

இப்போது குற்றவாளியிடம் வருவோம். வெள்ளை ரோமத் திட்டுடன் நிம்மதியாக இருந்த அந்த எலிகளுக்கு விஞ்ஞானிகள் இன்னொரு காரியம் செய்தார்கள். சாதாரணப் பழுப்பு எலி ஒன்றுக்கு வெள்ளைத் தோலை ஒட்டி, அது அதை வெறுத்துத் தள்ளும்படி விட்டார்கள். பிறகு அந்த எலியின் நெறிக் கட்டிகளிலிருந்து உயிரணுக்களை எடுத்தார்கள்.

நெறிக் கட்டி என்றால் உங்களுக்குத் தெரியும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டிக் கொள்கிறதல்லவா? அந்த இடத்தில் எப்போதுமே சிறு சிறு முடிச்சுகள் இருக்கின்றன. அக்குளிலும் கழுத்திலும்கூட உண்டு. உடம்பின் காவல் நிலையங்கள் அவை. அங்கே கூட்டம் சேர்ந்தால் வீங்கி நம் கைக்குத் தட்டுப்படுகின்றன.

அந்தக் காவல் நிலையத்து உயிரணுக்களைத் திட்டுள்ள எலிக்குச் செலுத்தியதும், அதுவரை அழகாக இருந்த வெள்ளைத் திட்டு அழிந்து போயிற்று!

ஏவ்ரியன் மிச்சிஸன் என்ற இளைஞரும் அதே சமயத்தில், எலிகளில் ஒட்டிய கட்டிகளைக் கொண்டு இதையே கண்டார். நமது நாட்டுக்கு 1957-ல் வந்து குடியேறினாரே பேராசிரியர் ஹால்டேன், அவருடைய சகோதரி மகன்தான் இவர். பகைமை கொண்ட எலியின் ரத்த நீரை மற்றோர் எலிக்குச் செலுத்தினார். பகைமை போய்ச் சேரவில்லை. நெறிக் கட்டியின் உயிரணுக்களைச் செலுத்தினார். பகைமை போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் 1954-ல் செய்த சோதனையோ இன்னும் வேடிக்கை. அந்நியத் தசையைச் சிறு டப்பி ஒன்றில் அடைத்து எலியின் உடம்புக்குள் வைத்தார்கள். டப்பியின் மூடி மிக மெல்லிய வடிகட்டி. ரசத்தை வடிகட்டினால் சாறு இறங்கும், திப்பி தங்கி விடும் அல்லவா? அதைப் போல எலியின் உடம்பு நீர் டப்பிக்குள் போகலாம். ஆனால் உயிரணுக்கள் நுழைய முடியாது. என்ன ஆயிற்று? உள்ளே இருந்த தசை சௌக்கியமாக உயிரோடு இருந்தது!

துப்பு துலங்கி விட்டது. தோலை விரட்டுவது ரத்த நீரில் கரைந்திருக்கும் சரக்கு அல்ல. நேரில் வந்து நிற்கும் உயிரணுக்கள். பிற்காலத்தில், சிறுநீரகம் முதலியவற்றை மாற்றி வைக்கும்போது எதிர்ப்பொருளும் தன் பங்குக்குத் தீங்கு செய்வது தெரிந்தது. ஆனால் தோல் விஷயத்தில் முதல் குற்றவாளி உயிரணுதான்.

வேலையற்றது என்று நினைத்த அணு

ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பல ஜாதி உண்டு. அவற்றுள் 'லிம்போஸைட்' என்பது உருண்டையாக, சிறியதாக, சும்மா கிடப்பது போலத் தோன்றும். இது எதற்குப் பிரயோஜனம் என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கௌவன்ஸ் என்பவர் 1950-களின் கடைசியில், இந்த அணு ரத்தத்திலிருந்து நெறிக் கட்டிக்கும், அங்கிருந்து நிணநீர் வழியாக மறுபடி ரத்தத்துக்கும் ஓயாமல் சுற்றிக் கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதாவது, ஊர்க் காவல்காரன் மாதிரி ரோந்து வருகிறது! எலியின் மார்பிலுள்ள நிணநீர்க் குழாயிலிருந்து இந்த அணுக்களை நாள் கணக்கில் வடித்து எடுத்துவிட்டால், ஒட்டிய அந்நியத் தோல் வழக்கத்தைவிட அதிக நாள் நிலைத்தது என்பதும் தெரிந்தது.

அடுத்த கண்டுபிடிப்பு 1961-ல் லண்டனில். நம் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கி விடும். இதற்கு முக்கியமான வேலை ஒன்றும் இல்லை என்றே நிபுணர்கள் எண்ணியிருந்தார்கள். ஜாக் மில்லர் என்ற இளம் டாக்டர் பிறந்த உடனே எலிக் குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை வளர்ந்தபோது லிம்போஸைட் அணுக்கள் அவற்றின் உடம்பில் மிகக் குறைவாக இருந்தன. வேறு ஜாதி எலியின் தோலை ஒட்டினால் எதிர்ப்பே காட்டாமல் ஏற்றுக் கொண்டன!

மெடவாரே அப்போது இதை முழுதாக நம்பவில்லை. தைமஸில் அந்த அணுக்கள் இருப்பது ஒரு தற்செயல்தான் என்று சில காலம் நினைத்துக் கொண்டிருந்தார். ஆனால் நாளடைவில் மில்லர் சொன்னதே நிலைத்தது. தைமஸ் ஒரு பள்ளிக்கூடம். லிம்போஸைட் அணுக்களில் ஒரு வகை அங்கே போய்ப் படித்துவிட்டு வருகிறது. 'நம்மவர் யார், அந்நியர் யார்' என்பதே பாடம். பரீட்சை மிகக் கண்டிப்பு. சொந்த உடம்பையே தாக்கும் சுபாவமுள்ள மாணவர்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்பட்டு விடுகிறார்கள். தேறி வெளியே வருகிறவர்களுக்குத் தைமஸின் முதல் எழுத்தை வைத்து 'டி அணு' என்று பெயர்.

காட்டிக் கொடுப்பது யார்?

காவல்காரன் தயார். ஆனால் உடம்பின் ஒரு மூலையில் ஒட்டிய சிறு தோல் அந்நியம் என்று நெறிக் கட்டியில் இருக்கும் டி அணுவுக்கு யார் போய்ச் சொல்கிறார்கள்? இந்த இடத்தில்தான் கதையின் பெரிய திருப்பம் வருகிறது. காட்டிக் கொடுப்பது, கொடுத்தவருடைய தோலேதான்!

நம் தோலுக்குள் மரக்கிளை போலக் கைகளை விரித்துக் கொண்டு சில அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1868-ல் பெர்லினில் லாங்கர்ஹான்ஸ் என்ற வைத்திய மாணவர் இவற்றைப் பார்த்துவிட்டு நரம்பு அணுக்கள் என்று எண்ணிக் கொண்டார். இதே இனத்தைச் சேர்ந்த கிளை அணுக்களை அமெரிக்காவில் ஸ்டைன்மன் என்பவர் 1973-ல் அடையாளம் கண்டு, இவைதாம் டி அணுக்களைத் தட்டி எழுப்புகின்றன என்று பின்னர் நிரூபித்தார். 2011-ல் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிதாபம் என்னவென்றால், அறிவிப்பு வருவதற்கு மூன்று நாள் முன்னால்தான் அவர் காலமாகியிருந்தார்.

ஒட்டிய தோலிலிருந்து இந்தக் கிளை அணுக்கள் கழன்று, நிணநீர் வழியாக நெறிக் கட்டிக்குப் போய்ச் சேருகின்றன. தாங்கள் தாங்கி வந்த அடையாளச் சீட்டை டி அணுக்களின் முன்னே நீட்டுகின்றன. 'இந்தச் சீட்டு நம் ஊருடையதல்லவே!' என்று ஒரு டி அணு திடுக்கிட்டு விழித்துக் கொள்கிறது. ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகிப் பெருகுகிறது. சில அணுக்கள் படையைத் தூண்டி விடுகின்றன. சில நேரடியாகக் கொல்லுகின்றன. ரத்தத்தில் ஏறித் தோல் ஒட்டிய இடத்தைத் தேடி வருகின்றன.

இந்தப் பாதையை அடைத்தால் என்ன ஆகும்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1968-ல் சீமைப் பெருச்சாளிகளின் உடம்பில் நிணநீர் வழியெல்லாம் துண்டித்த ஒரு தோல் தீவை உண்டாக்கி, அதன் மேல் அந்நியத் தோலை ஒட்டினார்கள். சேதி கொண்டு போக வழியில்லை. தோல் நெடுநாள் பிழைத்திருந்தது.

இப்போது, ஒட்டிய தோலில் வெளியே தெரியும் மாறுதல்களுக்கு அர்த்தம் புரியும். முதல் இரண்டு நாள் அது புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சி உயிர் வாழ்கிறது. மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் சிறு ரத்தக் குழாய்கள் இணைகின்றன, சிவப்பு ஏறுகிறது. பார்த்தவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் உள்ளே படை திரண்டு கொண்டிருக்கிறது. வந்து சேர்ந்ததும் அந்தச் சிறு குழாய்களையே முதலில் தாக்குகிறது. குழாய் அடைபடுகிறது, தோல் வீங்குகிறது, ரத்தம் இல்லாமல் கறுக்கிறது. எல்லாம் முடிந்த பின்னும், அந்தச் சீட்டை நினைவில் வைத்துக் கொண்டு சில டி அணுக்கள் வருஷக் கணக்கில் உயிரோடு இருக்கின்றன. கிளாஸ்கோப் பெண்ணின் உடம்பில் இரண்டாம் தடவை அவ்வளவு வேகமாகப் பாய்ந்தவை இவைதாம்.

தாயும் சேயும்

அந்த அடையாளச் சீட்டு பரம்பரையாக வருவது. தந்தையிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி. ஆகவே, தாயிடம் உள்ள மற்றொரு பாதி குழந்தைக்கு அந்நியமே. பெற்றவள் தோல் நிலைக்காததற்குக் காரணம் இதுதான். உடன்பிறந்தவர்களுக்குள் இந்தச் சீட்டு முழுதும் ஒத்திருக்க நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அப்படி ஒத்திருந்தாலும் சில்லறை அடையாளங்கள் காட்டிக் கொடுத்து விடும். 1955-ல் ஒரு வேடிக்கை தெரியவந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் பெருக்கிய எலிகளில், ஆண் எலி பெண் எலியின் தோலை ஏற்றது. பெண் எலியோ ஆண் எலியின் தோலைத் தள்ளிவிட்டது! ஆணிடம் மட்டுமே உள்ள அடையாளம் அதற்குப் புதிது.

முழுதும் ஒத்திருப்பவர்கள் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்தாம். அவர்களுக்குள் தோல் நிலைக்கும் என்பது 1937-லேயே தெரிந்தது. 1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோஸப் மர்ரே ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்கு வைத்துச் சரித்திரம் படைத்தாரே, அதற்கு முன் அவர்கள் அசல் இரட்டையர்தானா என்று எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? ஒருவர் தோலில் ஒரு துண்டை மற்றவருக்கு ஒட்டித்தான்!

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். சிசுவின் சீட்டில் பாதி தந்தையுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியம். அப்படியிருக்க அவள் வயிற்றில் அது பத்து மாதம் எப்படித் தங்குகிறது? இதே கேள்வியை மெடவாரும் 1953-ல் கேட்டார். விடையில் ஒரு பகுதி இன்று தெரியும். நஞ்சுக் கொடியின் வெளி அடுக்கு வழக்கமான சீட்டைத் தாயின் அணுக்களுக்குக் காட்டுவதில்லை. அது மட்டுமல்ல, டி அணுக்களிலேயே, 'போதும், சண்டை வேண்டாம்' என்று மற்றவற்றை அடக்கும் பெரிய மனிதர்கள் சிலர் உண்டு. கர்ப்ப காலத்தில் அவர்கள் கை ஓங்குகிறது. இந்தச் சமாதான அணுக்களை 1995-ல் அடையாளம் காட்டிய ஜப்பானிய விஞ்ஞானி ஸகாகுச்சிக்கும், அவற்றை ஆளும் மரபணுவைக் கண்ட மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. பூச்சி, புழு முதல் மனிதர் வரை வெளியாரை விரட்டக் கற்ற உடம்பு, தாய்மைக்காகப் பொறுமையையும் கற்று வைத்திருக்கிறது!

கொடுப்பதில் பயன் உண்டா?

அப்படியானால் தோல் தானம் என்பதே வீண்தானா? இல்லவே இல்லை. உடம்பில் பெரும் பகுதி வெந்தவருக்கு முதல் எதிரி, நீர் கசிந்து போவதும் கிருமி புகுவதும். அந்த ஆபத்தான இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு போர்வை வேண்டும். மனிதத் தோலைவிட நல்ல போர்வை கிடையாது. கடுமையாக வெந்தவருடைய டி அணுக்களும் சோர்ந்திருப்பதால், பிறர் தோல் சற்று அதிக நாளே தங்கும். அதற்குள் அவருடைய சொந்தத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒட்டிக் காப்பாற்றி விடுகிறார்கள்.

இதற்காகவே தோல் வங்கிகள் இருக்கின்றன. நமது நாட்டில் பம்பாயில் 2000-ம் வருஷத்தில் ஒன்று தொடங்கியது; பிறகு வேறு நகரங்களிலும் ஏற்பட்டன. ஒருவர் இறந்து ஆறு மணி நேரத்துக்குள், தொடை, கால், முதுகு ஆகிய இடங்களிலிருந்து மெல்லிய மேல் படலத்தை மட்டும் எடுக்கிறார்கள். உடல் விகாரமாவதில்லை. கிளிஸரினில் பதப்படுத்திக் குளிர் பெட்டியில் வைத்தால் ஐந்து வருஷம் வரை கெடாது. தாற்காலிகப் போர்வைதானே? ஆகையால் ரத்தப் பிரிவுகூடப் பார்க்க வேண்டியதில்லை.

சொந்தத் தோலையே பெருக்கும் வித்தையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஹோவர்டு கிரீன் என்பவர், துளித் தோலிலிருந்து அணுக்களை எடுத்துத் தட்டில் வளர்த்து விரிப்பாக்கும் முறையை 1975-ல் வெளியிட்டார். 1983-ல் உடம்பு முழுதுமே வெந்துவிட்டது என்று சொல்லத்தக்க நிலையில் வந்த இரண்டு சிறுவர்கள் இந்த முறையால் உயிர் பிழைத்தார்கள்.

டி அணுக்களை அடக்கும் மருந்துகளும் உண்டு. தோலுக்காக மட்டும் அவற்றைக் கொடுப்பதில்லை. காவல்காரனைத் தூங்க வைத்தால் திருடனும் உள்ளே வருவான் அல்லவா? வெந்த உடம்புக்குக் கிருமியே யமன். ஆனால் கையே போனவர்களுக்குக் கணக்கு வேறு. 2017-ல் கேரளத்தில் கொச்சி நகர ஆஸ்பத்திரி ஒன்றில், விபத்தில் இரு கைகளையும் இழந்த ஓர் இளம் பெண்ணுக்கு, இறந்துபோன ஓர் இளைஞனின் கைகளைத் தோள்பட்டைக்குக் கீழே பொருத்தினார்கள். தோல், சதை, எலும்பு, நரம்பு எல்லாமே அந்நியம். அதிலும் ஓர் ஆணுடையது. ஆயினும் அந்தக் கைகள் உதிரவில்லை. அந்தக் கையாலேயே அவள் மறுபடி பேனா பிடித்து எழுதினாள்.

இதற்கு அவள் கொடுக்கும் விலை, ஆயுள் முழுதும் மருந்து. ஒரு நாளும் தவறவிடக் கூடாது. 1998-ல் பிரான்ஸில் உலகில் முதன் முதலாக இக்கால முறையில் கை பொருத்திக் கொண்டவர் மருந்தை நிறுத்தி விட்டார். 2001-ல் அந்தக் கையை எடுத்துவிட நேர்ந்தது. டி அணுக்கள் மறப்பதும் இல்லை, மன்னிப்பதும் இல்லை.

மருந்தே இல்லாமல், அந்தச் சமாதான அணுக்களைக் கொண்டே உடம்பைப் பழக்க முடியுமா என்று இன்று ஆராய்ச்சி நடக்கிறது. முடிந்தால், உடன்பிறந்தவன் கொடுத்த தோல் உடன்பிறந்தவள் மேனியிலேயே நிலைத்து நிற்கும். கிளாஸ்கோவில் அன்று தோல் கொடுத்தானே அந்தச் சகோதரன், அவன் தோல் ஒட்டவில்லை என்பது மெய்தான். ஆனால் இரண்டாம் தடவையும் கேட்டபோது அவன் மறுக்காமல் கொடுத்தான் பாருங்கள், அதிலிருந்துதான் இத்தனையும் தெரிந்தது.